பார்மட் செய்யும் முன் பிழைச் செய்தியைப் படியுங்கள்

எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் சென்ற மாதம் லேப்டாப்புடன் என் வீட்டிற்கு வந்தான். முதலாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. வாங்கி இரண்டு மாதங்கள்தான் ஆகின்றன.

"அங்கிள், எனக்கு கோடிங் வராது போல இருக்கு. வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாத்திக்கலாமான்னு அப்பாகிட்ட கேட்கப் போறேன்" என்றான்.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். வகுப்பில் சொன்னபடி விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டரை இன்ஸ்டால் செய்திருக்கிறான். பைத்தானையும் டவுன்லோட் செய்து பதிந்திருக்கிறான். இரண்டு வரியில் ஒரு புரோகிராம் எழுதி இயக்கினால் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு செய்தி வந்து நின்றுவிட்டது. சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்றான். "சிஸ்டம் கரப்ட் ஆயிருக்கு தம்பி, பார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக் கொண்டு விண்டோஸைப் புதிதாகப் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். வீட்டிற்கு வந்து எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்தான். அதே செய்தி. மறுபடி கடை, மறுபடி 500 ரூபாய், மறுபடி அதே செய்தி. "எல்லாருக்கும் ஓடுது, எனக்கு மட்டும் ஓடலை" என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

அந்தச் செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "தெரியலை அங்கிள், எரர்னு வருது" என்றான். அவனும் படிக்கவில்லை, கடைக்காரரும் படிக்கவில்லை. படித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். புரோகிராம் எழுதத் தொடங்குபவர்களுக்கு முதல் வாரத்தில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கெட்டுப் போனதால் வருபவை அல்ல. உங்களுக்கு அறிவு போதாததாலும் அல்ல. கம்ப்யூட்டர் ஒரு பைலைத் தேடுகிறது, அது வேறு இடத்தில் இருக்கிறது. அல்லது வேறு பெயரில் இருக்கிறது. அவ்வளவுதான். இதற்குப் பார்மட் மருந்தல்ல.

என் சொந்த அனுபவம்

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நானே அடிபட்டுத் தெரிந்து கொண்டது. 2003ஆம் ஆண்டு எங்கள் வீட்டிற்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அப்போது சி மொழி கற்க எல்லோரும் டர்போ சி பயன்படுத்துவோம். போர்லண்ட் நிறுவனம் 1987ல் வெளியிட்ட தொகுப்பு அது. நண்பர் ஒருவரின் சிடியிலிருந்து அந்த போல்டரை அப்படியே டி டிரைவில் காப்பி செய்தேன். புரோகிராமை கம்பைல் செய்தால், எஸ்டிடிஐஓ டாட் ஹெச் என்ற இன்குளூட் பைலைத் திறக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. வைரஸ் என்று நினைத்தேன். தெரிந்தவர் ஒருவரை அழைத்து ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பார்மட் செய்ய வைத்தேன்.

அதே டிஸ்க்கில் என் அப்பா ஆறு மாதமாக இரவு நேரங்களில் ஒற்றை விரலால் டைப் செய்து வைத்திருந்த மளிகைக் கடைக் கடன் கணக்கு இருந்தது. எனக்கு நினைவே வரவில்லை. எல்லாம் போயிற்று. அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாள் பழைய நீள நோட்டை எடுத்துக் கொண்டார். அதன் பிறகு அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

பார்மட் செய்த பிறகு டர்போ சியை மீண்டும் டி டிரைவில் காப்பி செய்தேன். அதே செய்திதான் வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் என்னுடன் படித்த சீனியர் ஒருவர், "அந்த பைலைத் திறக்க முடியலைன்னு தெளிவா சொல்லுதே, அதை எங்கே தேடுதுன்னு பார்த்தியா?" என்று கேட்டார். ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்ற பிரிவைத் திறந்து காட்டினார். அங்கே சி டிரைவில் உள்ள போல்டரின் பெயர் இருந்தது. என் பைல்களோ டி டிரைவில். சி என்ற ஓர் எழுத்தை டி என்று மாற்றியவுடன் புரோகிராம் ஓடியது.

இன்று டர்போ சி 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற புரோகிராமின் துணையோடுதான் ஓடும். எடிட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் புதியவர்கள் மாட்டிக் கொள்ளும் இடங்கள் மாறவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எடிட்டர் வேறு, மொழி வேறு

முதல் குழப்பம் இது. மைக்ரோசாப்ட் 2015ல் அறிமுகம் செய்த விஷுவல் ஸ்டுடியோ கோட் ஓர் எடிட்டர். அதாவது எழுதும் பலகை. அதை இன்ஸ்டால் செய்தால் சி கம்பைலரோ பைத்தானோ கூடவே வந்துவிடாது. எழுதியதை இயக்கும் கம்பைலரை அல்லது இன்டர்பிரட்டரைத் தனியாகப் பதிய வேண்டும். பலர் எடிட்டரை மட்டும் பதிந்துவிட்டு, சி புரோகிராம் ஓடவில்லை என்று எடிட்டரை நீக்கி மறுபடி பதிகிறார்கள். பத்து முறை பதிந்தாலும் ஓடாது. இல்லாத கம்பைலர் எங்கிருந்து வரும்?

சோதிப்பது எளிது. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என டைப் செய்து எண்டர் தட்டவும். கிடைக்கும் கறுப்பு விண்டோவில் பைத்தான் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகளுடன் வெர்ஷன் என்ற சொல்லைச் சேர்த்து எண்டர் தட்டவும். சி மொழி என்றால் பைத்தானுக்குப் பதிலாக ஜிசிசி. பதிப்பு எண் வந்தால் மொழி இருக்கிறது, விண்டோஸுக்கும் அது தெரிகிறது. இங்கே ஓடாதது எடிட்டரிலும் பெரும்பாலும் ஓடாது. எனவே எடிட்டரைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள்.

விண்டோஸுக்கு வழி தெரியவில்லை

அந்த மாணவனுக்கு நேர்ந்தது இதுதான். பைத்தான் அவன் டிஸ்க்கில் இருந்தது. ஆனால் விண்டோஸுக்கு அது இருக்கும் இடம் தெரியவில்லை. ஒரு கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க் முழுவதையும் தேடுவதில்லை. முக்கியமாக பாத் என்ற பட்டியலில் எழுதியுள்ள போல்டர்களில் தேடும். அதில் இல்லையென்றால், இது எனக்குத் தெரிந்த கட்டளையோ புரோகிராமோ இல்லை என்று சொல்லும். "இஸ் நாட் ரெகக்னைஸ்டு" என்று வரும் செய்தியின் பொருள் இதுதான். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று அந்த வரியில் எங்கும் இல்லை.

பைத்தானின் வழக்கமான இன்ஸ்டாலரை இயக்கியவுடன் வரும் முதல் திரையின் அடியில், பைத்தானை பாத்தில் சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்காது. நாம்தான் டிக் செய்ய வேண்டும். பெரிய இன்ஸ்டால் பட்டனைப் பார்த்ததும் எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். அவனும் மூன்று முறையும் அதையே செய்திருக்கிறான். இன்ஸ்டாலரை மறுபடி திறந்து, மாடிபை என்பதனைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வரும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திரையில் பாத்தை மாற்றும் கட்டத்தில் டிக் செய்தோம். வேலை முடிந்தது.

இன்னும் இரண்டு விஷயங்களையும் நினைவில் கொள்ளவும். முதலாவது, பாத்தை மாற்றுவதற்கு முன் திறந்திருந்த கமாண்ட் விண்டோவுக்கும் எடிட்டருக்கும் புதிய பட்டியல் தெரியாது. இரண்டையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தும் ஓடவில்லை என்று பலர் புலம்புவது இதனால்தான். இரண்டாவது, பைத்தான் என டைப் செய்தால் சில கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்கும். 2019 முதல் விண்டோஸில் அந்தப் பெயரில் ஒரு குறுக்கு வழி வைக்கப்பட்டிருப்பதே காரணம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ் எனச் சென்று, ஆப் எக்ஸிக்யூஷன் அலையசஸ் என்ற பிரிவில் பைத்தானுக்கு எதிரே உள்ளவற்றை நிறுத்திவிடலாம்.

மறைத்து வைத்த பெயர்

நோட்பேடில் புரோகிராம் எழுதி, ஹலோ டாட் பிஒய் என்று பெயர் கொடுத்து சேவ் செய்கிறீர்கள். பைல் வகை டெக்ஸ்ட் என்றே இருந்தால், நோட்பேட் அதன் பின்னால் டாட் டிஎக்ஸ்டி என்று சேர்த்துவிடும். ஆனால் விண்டோஸ் அந்த வாலை உங்களுக்குக் காட்டாது. உங்கள் கண்ணுக்கு ஹலோ டாட் பிஒய். கம்ப்யூட்டருக்கு ஹலோ டாட் பிஒய் டாட் டிஎக்ஸ்டி. பைல் எதிரே இருக்கும்போதே, அப்படி ஒரு பைல் இல்லை என்று செய்தி வரும். இதில் யார் மேல் தவறு?

மைக்ரோசாப்ட் மேல்தான் என்பது என் கருத்து. தெரிந்த பைல் வகைகளின் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் வழக்கம் விண்டோஸ் 95 காலத்திலிருந்து வருகிறது. புதியவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக என்றார்கள். குழம்புவது புதியவர்கள்தான். குழப்பம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே ஆட்டி வைத்த ஐ லவ் யூ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயருடன் டாட் டிஎக்ஸ்டி என முடிவது போல் மின்னஞ்சலில் வந்தது. அதற்குப் பின்னால் டாட் விபிஎஸ் என்ற உண்மையான வால் மறைந்திருந்தது. வெறும் கடிதம் என்று நினைத்து கிளிக் செய்தவர்கள் மாட்டிக் கொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் புதிய கம்ப்யூட்டரில் எக்ஸ்டென்ஷன் மறைந்தேதான் வருகிறது.

எனவே கம்ப்யூட்டர் வாங்கியதும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்திடுங்கள். விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ என்பதனைத் தேர்ந்தெடுத்து, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்தில் கிளிக் செய்திடவும். புரோகிராம் எழுதாதவர்களுக்கும் இது பாதுகாப்பு.

பெயரில் இன்னொரு வலை உண்டு. ராண்டம் என்ற பைத்தான் மாட்யூலைப் பயிற்சி செய்பவர்கள், தங்கள் பைலுக்கும் ராண்டம் டாட் பிஒய் என்றே பெயர் வைக்கிறார்கள். புரோகிராம் அந்த மாட்யூலைக் கேட்கும்போது, பைத்தான் முதலில் உங்கள் போல்டரைப் பார்த்து உங்கள் பைலையே எடுத்துக் கொள்ளும். பிறகு ஒன்றும் ஓடாது. பைல் பெயரை மாற்றினால் போதும். 2024ல் வந்த பைத்தான் 3.13 பதிப்பிலிருந்து, இப்படிப் பெயர் மோதுவதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது. படிப்பவர்களுக்குத்தான் அது பயன்படும்.

மாற்றியும் மாறவில்லையா?

பிழையைத் திருத்திவிட்டேன், பழைய விடையே வருகிறது என்பார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் மேலே டேபில் பைல் பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். மூடும் குறிக்குப் பதிலாக ஒரு வட்டப் புள்ளி இருந்தால், பைல் சேவ் ஆகவில்லை. கண்ட்ரோல் + எஸ் அழுத்தவும். மறந்து போகிறவர் என்றால் பைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்பதனை இயக்கி வைத்துக் கொள்ளலாம்.

ஒரு மாட்யூலைப் பதிந்த பிறகும் அது இல்லை என்று செய்தி வந்தால், உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான்கள் இருக்கக்கூடும். ஒன்றில் பதிந்து மற்றொன்றில் இயக்குகிறீர்கள். எடிட்டரில் கண்ட்ரோல் + ஷிப்ட் + பி அழுத்தி, செலக்ட் இன்டர்பிரட்டர் எனத் தேடினால் பட்டியல் கிடைக்கும். எது பயன்பாட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கவும்.

தமிழ்ப் புள்ளி செய்யும் வேலை

தமிழில் எழுதும் நம் வாசகர்களுக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரு டெக்ஸ்ட் பைலில் அம்மா என்று எழுதி சேவ் செய்து, அதை பைத்தான் புரோகிராம் மூலம் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு ஓடிய புரோகிராம் தமிழுக்குப் பல கம்ப்யூட்டர்களில் நின்றுவிடும். 8வது இடத்தில் உள்ள 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வரும். "தமிழுக்கு சப்போர்ட் இல்லை சார்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

செய்தியைப் பொறுமையாகப் படித்தால் காரணம் தெரியும். யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். கம்ப்யூட்டர் 0 முதல் எண்ணும். அ என்பது 0, 1, 2. ம என்பது 3, 4, 5. அதன் மேல் வரும் புள்ளி 6, 7, 8. அந்த 8வது பைட்தான் 0எக்ஸ்8டி. பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகள், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் பைலை 1252 என்ற மேலைநாட்டு எழுத்துப் பட்டியலை வைத்துப் படிக்கும். அந்தப் பட்டியலில் 8டி என்ற இடம் காலி. ஆகவே மெய்யெழுத்துப் புள்ளி வந்தவுடன் புரோகிராம் நிற்கிறது. உகரக் குறியின் கடைசி பைட்டான 81ம் அங்கே காலிதான்.

தீர்வு ஒரே சொல். பைலைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில், என்கோடிங் யுடிஎப்-8 எனச் சேர்த்துவிடவும். தமிழும் ஓடும். எந்த எழுத்தில் நின்றது என்று இடம் சுட்டிச் சொன்ன செய்தியைத்தான் நாம் படிக்காமல் மூடுகிறோம்.

யார் மாற வேண்டும்?

கற்றுத் தருபவர்கள் முதலில் மாற வேண்டும். கல்லூரிகளிலும் சென்டர்களிலும் லேபில் எல்லாம் முன்பே பதிந்து தயாராக இருக்கும். மாணவன் எஃப்5 அழுத்தினால் ஓடும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் தனியாக நிற்கிறான். முதல் வகுப்பில் ஹலோ வேர்ல்ட் எழுதச் சொல்வதற்கு முன், வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்து காட்டி, அந்தச் செய்தியை வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் போதும். அது இல்லாததால்தான், செட்டிங்ஸில் உள்ள குறையைத் தன் குறை என்று மாணவன் நினைத்துக் கொள்கிறான். அதிலும் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணனோ அக்காவோ இல்லாதவன்தான் முதலில் விலகிப் போகிறான். இது சிறிய விஷயம் இல்லை.

பார்மட் செய்து சரியானதே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. வைரஸ் புகுந்து சிஸ்டம் பைல்கள் சிதைந்திருந்தால் அதுதான் வழி. ஆனால் அது கடைசி வழி. அதற்கு முன்பும் உங்கள் பைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

இன்னும் சிலர், இப்போதுதான் ஏஐ சாட்பாட் இருக்கிறதே, செய்தியை ஒட்டிக் கேட்டால் போதாதா என்பார்கள். தாராளமாகக் கேளுங்கள். நானும் கேட்கிறேன். ஆனால் முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கேளுங்கள். படிக்காதவர் அது கொடுக்கும் கட்டளைகளை எல்லாம் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டுவார். கடைக்காரரிடம் லேப்டாப்பைக் கொடுத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வெட்டி ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள்

1. பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் படிக்கவும். அங்கேதான் காரணம் இருக்கும். வரி எண் அதற்கு மேலே இருக்கும்.

2. சொன்ன வரியில் தவறு தென்படவில்லையா? அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். மூடாத அடைப்புக்குறி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

3. பைல் சேவ் ஆகியிருக்கிறதா, அதன் முழுப் பெயர் என்ன, எந்த போல்டரில் இருக்கிறது என்று பாருங்கள்.

4. எடிட்டரை விட்டு வெளியே வந்து, கமாண்ட் விண்டோவில் மொழியின் பதிப்பு எண் வருகிறதா என்று சோதியுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதைத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

6. எடிட்டரையும் கமாண்ட் விண்டோவையும் மூடித் திறந்து பாருங்கள்.

7. இவ்வளவும் செய்த பிறகு உதவி கேளுங்கள். கேட்கும்போது "எரர் வருது" என்று சொல்லாமல், செய்தியை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள்.

அந்த மாணவன் அன்று டிக் செய்துவிட்டு, எடிட்டரை மூடித் திறந்து புரோகிராமை இயக்கினான். இரண்டு வரி விடையும் வந்தது. "இதுக்காகவா அங்கிள் ரெண்டு தடவை பார்மட் பண்ணினேன்?" என்று கேட்டான். டிபார்ட்மென்ட் மாற்றும் பேச்சு அத்துடன் நின்றது. போன வாரம் மறுபடி போன் செய்தான். இந்த முறை "எரர் வருது" என்று சொல்லவில்லை. "14வது வரியில இன்டென்டேஷன் தப்புன்னு சொல்லுது அங்கிள். டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கு போல. நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.